தோள் மாற்றாத வீடு

குந்தாரப்பள்ளிக்கு வடக்கே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மாந்தோப்புகளுக்குள் போகிற பாதையில் ஓர் ஊர். அங்கே திம்மராயன் வீடு எது என்று கேட்டால் தெருப்பெயரையோ கதவெண்ணையோ யாரும் சொல்ல மாட்டார்கள். "தோள் மாத்தாத வூடா? தொ, அந்த வேப்பமரத்தாண்ட" என்று கை நீட்டுவார்கள்.

அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. சித்திரையில் மாரியம்மன் பல்லக்கு கோயிலிலிருந்து எல்லைக்கல் வரை போகும். முன் தண்டில் வலது பக்கம் திம்மராயன் வகையறாவுக்கு உரியது. மற்றவர்கள் வழியில் தோள் மாற்றுவார்கள், மூச்சு வாங்கினால் ஆளையே மாற்றுவார்கள். இந்த வீட்டு ஆண்பிள்ளை மட்டும் எடுத்த தோளிலேயே கொண்டுபோய் இறக்குவான். திம்மராயனின் அப்பா திம்மப்பன் ஒரு வருஷம் உள்ளங்காலில் கருவேல முள் ஏறி ஒடிந்த பிறகும் தண்டை விடவில்லை. ரத்தக் கால்தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்த கூட்டத்தில், அடுத்த ஊரிலிருந்து சாமி கும்பிட வந்த ஒரு பெரியவரும் இருந்தார். "பொண்ணு குடுத்தா இந்த மாரி வூட்டுலதான் குடுக்கணும்" என்று அன்றைக்கே சொன்னார். அவர் மகள்தான் சரஸ்வதி. திம்மராயனுக்குச் சரஸ்வதி வந்தது அந்த முள்ளால் என்றுகூடச் சொல்லலாம்.

சரஸ்வதிக்கு ஒரே அண்ணன், நல்லுசாமி. ஓசூரில் வண்டிக்குப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். மழை பொய்த்த ஒரு வருஷம், "மாப்ள, மாங்கா உனுக்குச் சோறு போடாது, வா" என்று திம்மராயனைக் கூட்டிப்போய் அதே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

நல்லுசாமிக்கு ஒரு பைத்தியம் உண்டு, உறவுப் பைத்தியம். காலையில் கம்பெனி பஸ்ஸில் புதுமுகம் ஏறினால் போதும், "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று ஆரம்பித்துவிடுவார். சூளகிரி தாண்டுவதற்குள் அவனுக்கும் தனக்கும் ஒரு முறை கண்டுபிடித்துவிடுவார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஜெயப்ரியாவைக்கூட விடவில்லை.

"சிங்காரப்பேட்டையில எங்க சின்னம்மா இருக்குது பாரு, அது மருமவளோட அக்காளை திண்டுக்கல்லுக்குத்தான் குடுத்தோம். அப்படின்னா நீ எனுக்கு மக மொற."

"அப்ப டீ செலவு உங்களுதுப்பா" என்றாள் அவள். பஸ்ஸே சிரித்தது.

கம்பெனியில் முதலுதவிக்கு ஒரு குழு அமைத்தார்கள். சேஃப்டி ஆபீசர் ஹரீஷ்குமார் ஆள் பொறுக்கினார். நெஞ்சை அழுத்த ஒரு திடமான ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் திம்மராயனைக் காட்டினார்கள். முகமூடி வைத்து மூச்சு ஊதுவதற்கு மோகன்குமார். அவன் திம்மராயனின் அக்காள் மகன். மாமன் மகளைக் கேட்கலாம் என்ற பேச்சு அவன் வீட்டில் மெல்ல நடந்துகொண்டிருந்த நேரம் அது. நேரம் பார்த்து, எண்ணி, ஆள் மாற்றிவிடுகிற பொறுப்பு ஜெயப்ரியாவுக்கு. மாற்றும்போது அழுத்த அடுத்து உட்கார வேண்டியவளும் அவளே.

கால் இல்லாத ஒரு ரப்பர் பொம்மையை வைத்துப் பழகினார்கள். சரியான ஆழம் அழுத்தினால் பொம்மைக்குள் 'டிக்' என்று கேட்கும். அழுத்தின பிறகு நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும், அப்போதுதான் இருதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிறையும் என்பார் ஹரீஷ்குமார். முப்பது அழுத்து, இரண்டு மூச்சு. இரண்டு நிமிஷம் ஆனால் 'சேஞ்ச்'. சோர்ந்தாலும் சோராவிட்டாலும் எழுந்துவிட வேண்டும்.

"எனுக்கு இன்னும் நாலு ரவுண்டு வரும் சார்" என்பான் திம்மராயன்.

"உங்களுக்கு வரும்ணா. பொம்மைக்கு வராது. கை சோர்ந்தது கைக்காரனுக்குக் கடைசியிலதான் தெரியும். கூட இருக்கறவங்களுக்கு முன்னாடியே தெரியும். அதுக்குத்தான் மூணு பேரு."

திம்மராயன் சிரித்தபடியே எழுந்து இடம் விடுவான். பொம்மைதானே, மாற்றினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைப்பான்.

தை முடிந்து மாசி பிறந்திருந்தது. கேன்டீனில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். நல்லுசாமி தட்டோடு எழுந்து, "சாம்பாருல பருப்பு எங்கப்பா, அதும் லீவுல போயிடுச்சா?" என்று பரிமாறுகிறவனைக் கிண்டல் செய்துகொண்டே நடந்தார். மூன்றாவது மேஜையருகே தட்டு முதலில் விழுந்தது, பிறகு அவர் விழுந்தார்.

ஜெயப்ரியாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். தோள்களைத் தட்டி, "அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டாள். கண் செருகியிருந்தது. தொண்டையில் மட்டும் கரகரவென்று ஓர் இழுப்பு, நிறுத்தி இன்னோர் இழுப்பு. ஆனேக்கல்லிலிருந்து வந்த கேன்டீன்காரர் செம்போடு ஓடிவந்து, "நீரு கொடி, நீரு கொடி!" என்று கன்னடத்தில் பதறினார்.

"தண்ணி வேணாம்! இது மூச்சு இல்ல, தள்ளுங்க" என்றாள் ஜெயப்ரியா. ஒருவனைக் கைகாட்டி 108-க்குப் போன் பண்ணச் சொன்னாள். இன்னொருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தக் கோடி பிளாக்கில் நர்ஸம்மாவிடமிருக்கும் ஷாக் மெஷினைக் கொண்டுவர ஓட்டினாள். மோகன்குமார் முகமூடியோடு தலைமாட்டில் உட்கார்ந்தான். திம்மராயன் மண்டியிட்டு, மச்சானின் நெஞ்சு நடுவே கை மேல் கை வைத்தான்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. முழங்கை மடங்காமல், தோள் நேராக, பழகினபடியே இறங்கியது கை. ஒரு விலா 'மளுக்' என்றது. அது நடக்கும், நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நிறுத்தவில்லை. ஜெயப்ரியா உரக்க எண்ணினாள். மோகன்குமார் ஊதினான், நெஞ்சு எழும்பியது.

"சேஞ்ச்" என்றாள் ஜெயப்ரியா. எதிர்ப்பக்கத்தில் மண்டியிட்டுக் கையைத் தயாராக வைத்திருந்தாள்.

திம்மராயன் எழவில்லை.

அந்த நேரம் அவனுக்குள் என்ன ஓடியது என்று அவன் பிறகு பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறான். 'இது பொம்மை இல்ல. தங்கச்சியக் குடுத்த மனுசன். நான் கையெடுத்த நேரம் உசுரு போயிட்டா சரசு மூஞ்சியில எப்படி முழிப்பேன்' என்று நினைத்தது நிஜம். அது மட்டும் இருந்திருந்தால் அவன் தன்னை எப்படியோ தேற்றிக்கொண்டிருப்பான். கூடவே இன்னொன்றும் இருந்தது. கேன்டீன் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. அதில் பாதிப் பேர் அவன் பஸ்காரர்கள், அவன் எந்த வீட்டு ஆள் என்று தெரிந்தவர்கள். ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் பாரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிறவனாக அவர்கள் முன்னால் இருக்க அவனால் முடியவில்லை.

"சேஞ்ச்ணே! எந்திரிங்க."

"இருக்கட்டும், நீ எண்ணு."

அவள் எண்ணினாள், வேறு வழி இல்லாமல். மலையைப் பிடித்து அமுக்குகிற மாதிரி அமுக்குவதாகத்தான் அவனுக்குப் பட்டது. வேர்வை கண்ணில் இறங்கியது. முழங்கை மடங்கியதும், உடம்பு பாரத்தை நெஞ்சின் மேலேயே சாய்த்துவிட்டு அரைகுறையாக ஆட்டிக்கொண்டிருந்ததும் அவனுக்குத் தெரியவே இல்லை.

மோகன்குமாருக்குத் தெரிந்தது. "மாமா..." என்றான் மெதுவாக. திம்மராயன் ஒரு பார்வை பார்த்தான். மோகன்குமார் குனிந்து முகமூடியைச் சரிசெய்துகொண்டான்.

"அண்ணே, ஆழமே போகல! சொல்றது கேக்குதா இல்லையா?"

"போடீ! எனுக்குத் தெரியும்."

விலக்க நீண்ட அவள் கையை முழங்கையால் தட்டிவிட்டான். அது அவள் தாடையில் பட்டது. அவள் தாடையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து பின்னால் வந்து, சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றி ஓர் இழுப்பு இழுத்தாள். பித்தான் தெறித்தது. தோள் மாற்றாத வீட்டுத் திம்மராயன், கொட்டிக் கிடந்த ரசத்தில் போய் உட்கார்ந்தான்.

அவன் எழுவதற்குள் அவள் அழுத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு மெலிந்த கை. ஆனால் மச்சானின் நெஞ்சு நன்றாகக் கீழே போய், முழுசாக மேலே வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது, தன் கைக்குக் கீழே அது வெகுநேரமாக அப்படிப் போய் வரவில்லை என்று.

நர்ஸம்மா மெஷினோடு வந்தாள். பட்டைகளை ஒட்டினார்கள், மெஷின் எல்லோரையும் விலகச் சொன்னது, உடம்பு ஒரு தரம் துள்ளியது. ஜெயப்ரியாவும் மோகன்குமாரும் மாறி மாறி அழுத்தினார்கள். இன்னொரு ஷாக்குக்குப் பிறகு நல்லுசாமி தானாக மூச்சு விட்டார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோது அவர் விரல் அசைந்தது.

ஊருக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது அது வேறு உருவத்தில் இருந்தது. 'மச்சானை மாப்ள நெஞ்சைப் புடிச்சி எழுப்பிட்டான்' என்று. முழங்கால் தேய்ந்து, சட்டை கிழிந்து வந்தவனைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் சரஸ்வதி அவன் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். கூச்சப்படுகிறான் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அன்றிலிருந்து களி உருண்டையில் அவனுக்கு மட்டும் நெய், குழம்பில் ஒரு முட்டை கூடுதல். 

கம்பெனியில் குழுவை உட்கார வைத்து, கேன்டீன் கேமராவில் பதிந்ததை ஹரீஷ்குமார் போட்டுக் காட்டினார். "யாரையும் குறை சொல்லப் போடல. அடுத்த வாட்டி நல்லா பண்ணத்தான்" என்றார். திரையில் ஓர் ஆள் மடங்கின கையோடு ஆடிக்கொண்டிருந்தான். தூக்கத்தில் மாவாட்டுகிறவன் மாதிரி இருந்தது. அது தான் என்று நம்பவே திம்மராயனுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"ரெண்டு சேஞ்ச் தாண்டியிருக்கு" என்றார் ஹரீஷ்குமார். "மோகன், தலைமாட்டுல உக்காந்து நேரா பாத்தது நீதான். ஏன்பா சொல்லல?"

மோகன்குமார் தரையைப் பார்த்தான். "அவரு எனுக்கு மாமா சார்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயப்ரியா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் அவளே திம்மராயனிடம் வந்தாள். "பெரியவங்களைச் சட்டையப் புடிச்சு இழுத்தது தப்புதாண்ணே. மனசுல வச்சுக்காதீங்க." தாடையில் மஞ்சள் பாரித்த காயம் இன்னும் இருந்தது. அவன் 'நான்தாம்மா...' என்று தொடங்க வாயெடுத்தான். ஷிப்ட் சங்கு ஊதியது. அதைச் சாக்காக வைத்து உள்ளே போய்விட்டான்.

நல்லுசாமி வீடு திரும்பினார். நடந்தார், சாப்பிட்டார், கிண்டல்கூட வந்தது. ஆனால் உறவு போய்விட்டது. யார் எவர் என்பது தெரியவில்லை. சரஸ்வதியை 'அம்மா' என்றார். பெற்ற மகனை, "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று கேட்டார். ரத்தம் மூளைக்குப் போதாமல் இருந்த நேரத்தின் வேலை இது, மெதுவாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். எந்த நேரம் என்று அவர் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. மெஷின் வருவதற்கு முன்னாலா, விழுந்த உடனேயா? திம்மராயனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. தாண்டிப்போன அந்த இரண்டு சேஞ்சில்தான் சின்னம்மாவும் மருமகளும் சிங்காரப்பேட்டையும் கரைந்து போயின.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் வீட்டுக்குப் போவான். மற்றவர்கள் உள்ளே இருக்கும் நேரம் பார்த்து, கட்டிலோரம் உட்கார்ந்து சொல்வான். "மச்சான், அந்தப் பொண்ணு மாத்து மாத்துன்னுச்சி. நான் மாத்தல. சட்டையப் புடிச்சி இழுத்துப் போட்டுச்சி. ரசத்துல உக்காந்தேன்."

"அப்படியா!" என்பார் நல்லுசாமி, ஊர்க்கதை கேட்கிற மாதிரி. அடுத்த வாரம் அவருக்கு அது நினைவிருக்காது. நினைவிருக்காது என்பதால்தான் அவரிடம் சொல்கிறோம் என்பது திம்மராயனுக்குத் தெரியும். சொல்லிவிட்டு வரும்போது பாரம் குறையாது. கோழைத்தனம் ஒன்று கூடச் சேர்ந்து ஏறிக்கொள்ளும். ஆனாலும் அடுத்த ஞாயிறு போவான், சொல்வான்.

பங்குனியில் ஒரு நாள் சரஸ்வதி கொள்ளுக் குழம்பு எடுத்துக்கொண்டு அவனோடு வந்தாள். அண்ணனுக்கு ஊட்டிக்கொண்டே, சிறு பிள்ளைக்குக் கேட்பது போலக் கேட்டாள்.

"அண்ணா, இது யாரு சொல்லு பாப்போம்?"

நல்லுசாமி திம்மராயனை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இவனா? இவன் மாத்தாதவன்."

"அய்யோ, ஆமாண்ணா! தோள் மாத்தாத வூடு! அண்ணி, ஓடியா, அண்ணனுக்கு நெனப்பு வந்துடுச்சி!"

"அந்தப் பொண்ணு மாத்து மாத்துன்னுச்சாம்" என்று நல்லுசாமி உற்சாகமாகத் தொடர்ந்தார். "இவன் மாத்தலையாம். சட்டையப் புடிச்சி இழுத்துப் போட்டுச்சாம். ரசத்துல போயி உக்காந்தானாம்!" சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சரஸ்வதியும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தபடியே புருஷன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த கவளத்தைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தாள்.

வண்டியில் வரும்போது அவன் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தோப்புப் பாதையில் திரும்பியதும் கேட்டாள்.

"அவருகிட்ட மட்டும் சொல்லிக்கினு இருந்தியா?"

"மறந்துடுவாரேன்னு..."

"எங்கண்ணன் மறந்து போனது உனுக்கு வசதியா போச்சி இல்ல?"

 அழுது சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு. களியில் நெய் நின்றது. முட்டை நின்றது. ஊரில் யாராவது, "உன் வூட்டுக்காரன் கை ராசியான கை" என்றால், அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவனை யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. அதுவும் அவனைக் குத்தியது.

சித்திரை வந்தது. தண்டு எடுக்க வேண்டாம், முதுகு வலி என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தான். கோயில் வேலைகளைப் பார்க்கிற முனிவேல் விடவில்லை. "உசுரு மீட்ட கை, இந்த வருசம் அம்மாளே உன்னத்தான் பாப்பா, வாய்யா!" என்று இழுத்துக்கொண்டு போனான்.

வெயில் தாழ்ந்த நேரம் பல்லக்கு புறப்பட்டது. வலது முன் தண்டு, வலது தோள். பின் தண்டில் மோகன்குமார். பக்கவாட்டில் மாவிளக்குத் தட்டோடு பெண்கள், அவர்களில் சரஸ்வதி. தெருமுனை தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. புளியமரம் நெருங்கும்போது தோள் எரிந்து, பிறகு எரிவதும் நின்றுபோனது. நன்றாகத் தூக்குவதாகவே அவனுக்குப் பட்டது. நேராக நடப்பதாகவே பட்டது.

"மாத்து!"

பெண்கள் பக்கத்திலிருந்து குரல். மேளம் ஒரு தட்டு பிசகியது. முனிவேல் திரும்பினான். "என்னா சரசு, யாரைச் சொல்ற? அது உங்க வூட்டுத் தண்டு!"

"தெரியும். அம்மா அந்தப் பக்கமா சாயுறா, உங்க யாருக்கும் கண்ணு இல்லையா?" தட்டைக் கையில் பிடித்தபடி தண்டுக்கு எதிரே வந்து நின்றாள். "மாத்துய்யா."

அவன் மேலே பார்த்தான். அம்மன் தலைக்கு மேலிருந்த குடை அவன் பக்கமாகச் சரிந்திருந்தது. மற்ற மூன்று தோள்களும் அவனுக்காக இவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாத வீடு அது.

"குடு மாமா" என்று மோகன்குமார் பின்தண்டை வேறொருவனிடம் விட்டுவிட்டு, கேட்காமலேயே தோளைக் கொண்டுவந்து கீழே கொடுத்தான். திம்மராயன் விலகினான். பல்லக்கு நிமிர்ந்தது.

"டேய், தோள் மாத்தாத வூட்டுல மாத்திட்டாங்கடா! பொண்டாட்டி சொல்லி மாத்திட்டான்!" என்று எவனோ கூவினான். சிரிப்பு கூட்டத்தின் கடைசிவரை போய்த் திரும்பியது. முனிவேல் தலையில் அடித்துக்கொண்டான். "திம்மப்பன் பேரக் கெடுத்துட்டியேய்யா!"  காரணத்தைச் சொல்வதென்றால் மாசி மாதத்திலிருந்து சொல்ல வேண்டும்.

சரஸ்வதி பெண்களோடு சேர்ந்து போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பல்லக்குக்குப் பின்னால், தோளில் ஒன்றும் இல்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடந்தான். தண்டு அவன் தோளுக்கு வந்த பிறகு, பல்லக்குக்குப் பின்னால் நடந்துபோவது அதுதான் முதல் தடவை.

எல்லைக்கல்லுக்கு அருகே, நிழலில் நாற்காலி போட்டு நல்லுசாமியை உட்கார வைத்திருந்தார்கள். சாமியைக் கும்பிட்டுவிட்டு, பின்னால் வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். திம்மராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தான். வேட்டி நுனியைப் பிடித்துவிட்டார்.

"யாரு வூட்டுப் புள்ள நீ?"

தோள் மாத்தாத வூடு என்று பழக்கத்தில் வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, மச்சானுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"திம்மப்பன் மவன்" என்றான். "சரசுவக் கட்டுனவன்."

நல்லுசாமி நெஞ்சைத் தடவிக்கொண்டே, அது எந்த வழி உறவு என்று யோசிக்கத் தொடங்கினார்.